இரண்டு வருடம் அங்கே, இரண்டு வருடம் இங்கே: பிசினஸ் ஸ்கூல் டிரான்ஸ்ஃபர், ஓர் ஆடிட்டர் அப்பாவின் விமர்சனம்

கலிஃபோர்னியாவில் நம்மவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் ஏப்ரல் வந்தால் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும்: "பையனுக்கு யூசியில் பிசினஸ் கிடைக்கவில்லை. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படிக்க வைத்துவிட்டு டிரான்ஸ்ஃபர் வாங்கலாமா? யாருக்காவது அனுபவம் உண்டா?" எனக்கு உண்டு. என் பெரிய பெண் அப்படித்தான் போனாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். யூசி என்பது மாநில அரசின் யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, பெர்க்லி, யூசிஎல்ஏ போன்றவை அதன் வளாகங்கள். கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டு வருடப் படிப்புள்ள உள்ளூர் அரசுக் கல்லூரி. அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்தில் போய்ச் சேருவதுதான் டிரான்ஸ்ஃபர். பி.காம். படித்துவிட்டுக் கணக்குத் தணிக்கையிலேயே காலத்தை ஓட்டியவன் நான். கொடுத்த காசுக்கு என்ன வந்தது, எங்கே ஓட்டை என்றுதான் எதையும் பார்க்கத் தெரியும். பெண் படித்த இரண்டு இடங்களின் பெயரும் இதில் வராது. அது அவள் போட்ட நிபந்தனை.

முதலில் காசு, அதுதான் எல்லோருக்கும் வேண்டும். மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். டிரான்ஸ்ஃபருக்கு வேண்டியது 60 செமஸ்டர் யூனிட். ஆக 2,760 டாலர். முதன்முறையாக முழுநேரம் சேர்கிறவர்களுக்குப் பல கல்லூரிகள் இரண்டு வருடத்துக்கு அதையும் தள்ளுபடி செய்கின்றன. யூசி வளாகத்தில் கல்விக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல் போகிறது. இதற்குமேல் விடுதி, சாப்பாடு. உண்மையில் பெரிய மிச்சம் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது: பிள்ளை இரண்டு வருடம் வீட்டில் இருந்து சாப்பிடுகிறது. எஃப்-1 விசாவில் வருகிற மாணவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவர்களுக்கு யூனிட் கட்டணம் பல மடங்கு, அவர்கள் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பட்டத்தில் யூசியின் பெயர் மட்டும்தான் இருக்கும். "டிரான்ஸ்ஃபர்" என்று எந்த மூலையிலும் முத்திரை குத்துவதில்லை. ஊரில் இருக்கும் மாமாக்கள் இதைப் பின்வாசல் என்று நினைக்கிறார்கள். 1960-இல் மாநிலம் போட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே இந்த வழியைக் கட்டிவைத்திருக்கிறார்கள். புதுமுக மாணவர் இருவருக்கு டிரான்ஸ்ஃபர் மாணவர் ஒருவர் என்பது யூசி தனக்குத் தானே வைத்துக்கொண்ட இலக்கு. அந்த இடங்களிலும் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜிலிருந்து மூன்றாம் வருடத்துக்கு வருகிறவர்களுக்குத்தான் முன்னுரிமை. ஒரு யூசி வளாகத்தில் ஒட்டவில்லை என்று இன்னொரு யூசிக்கு மாற நினைக்கும் பிள்ளைகூட வரிசையில் இவர்களுக்குப் பின்னால்தான். ஒரு வருடம் மட்டும் படித்துவிட்டு இரண்டாம் வருடத்தில் நுழைவது என்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

இவ்வளவும் விளம்பரத்தில் வரும் பக்கம். சிக்கல் இனிமேல்தான்.

"யூசிக்குத் தகுதி" என்பதும் "யூசி பிசினஸுக்குத் தகுதி" என்பதும் வேறு வேறு. முதலாவதற்கு 60 யூனிட்டும் 2.4 ஜி.பி.ஏ.வும் (நான்குக்கு எத்தனை என்ற சராசரி மதிப்பெண்), ஆங்கிலம், கணக்கு உள்ளிட்ட சில அடிப்படைப் பாடங்களும் போதும். இதை வைத்துக்கொண்டு "எங்கள் பெண் எலிஜிபிள்" என்று சொல்லிக்கொண்டு திரிகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பிசினஸ் மேஜர், அதாவது பிசினஸை முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்டப்படிப்பு, அந்த வரம்பை வைத்து யாரையும் எடுப்பதில்லை. அது முதலில் பார்ப்பது முன்தேவைப் பாடங்கள்: மைக்ரோ எகனாமிக்ஸ், மேக்ரோ எகனாமிக்ஸ், கால்குலஸ், புள்ளியியல், ஆங்கிலம், வளாகத்தைப் பொறுத்து ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், மேனேஜீரியல் அக்கவுண்டிங். இவை முடிந்திருக்க வேண்டும், மதிப்பெண்ணும் நன்றாக இருக்க வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

வளாகத்தைப் பொறுத்து என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் பலர் விழுகிறார்கள். பெர்க்லியின் ஹாஸ் பிசினஸ் பள்ளி 1898-இல் காமர்ஸ் கல்லூரி என்ற பெயரில் தொடங்கியது. பி.காம். காரன் எனக்கு அதில் ஒரு தனிப் பெருமை. ஆனால் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு அது கேட்கும் முன்தேவைப் பட்டியலில் அக்கவுண்டிங் கிடையாது, அதைச் சேர்ந்த பிறகு அங்கேயே படித்துக்கொள்ள வேண்டும். கால்குலஸை விடாது. இர்வைன் போன்ற இடங்களில் அக்கவுண்டிங் முன்கூட்டியே வேண்டும். யூசிஎல்ஏ கதை இன்னும் வேடிக்கை. அங்கே இளங்கலைக்கு பிசினஸ் மேஜரே கிடையாது. ஆண்டர்சன் பள்ளி எம்.பி.ஏ. போன்ற மேற்படிப்புகளுக்கானது. இளங்கலையில் இருப்பது எகனாமிக்ஸ் துறையின் பிசினஸ் எகனாமிக்ஸ். "யூசிஎல்ஏ பிசினஸ்தான் லட்சியம்" என்று பதினாறு வயதுப் பையன் சொல்லும்போது அவன் அப்பாவும் கூடவே தலையாட்டுகிறார். வலைதளத்தை ஒருமுறை திறந்திருந்தால் இருவருக்கும் தெரிந்திருக்கும்.

இன்னொரு செய்தி பல பேருக்குப் போய்ச் சேரவில்லை. ஹாஸ் பல காலம் மூன்றாம் வருடத்தில் மட்டுமே ஆள் எடுக்கும் இரண்டு வருடப் படிப்பாக இருந்தது. 2024 இலையுதிர் பருவம் முதல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேராக வருகிறவர்களையும் எடுத்து நான்கு வருடப் படிப்பாக்கிவிட்டார்கள். டிரான்ஸ்ஃபர் வழி மூடவில்லை. ஆனால் "அங்கே எல்லோருமே மூன்றாம் வருடத்தில்தான் நுழைகிறார்கள், அதனால் நாமும் சமம்" என்ற பழைய ஆறுதலுக்கு இனி இடமில்லை. வகுப்பில் உடன் உட்காருகிறவர்களில் ஒரு பகுதி இரண்டு வருடமாக அங்கேயே சுற்றி, பேராசிரியர்களையும் சீனியர்களையும் பழக்கம் பிடித்து வைத்திருப்பவர்கள்.

சரி, எந்தப் பாடம் எதற்குச் சமம் என்று யார் சொல்வது? அசிஸ்ட் என்று ஒரு தளம் இருக்கிறது. இந்த விமர்சனத்தில் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் வாங்குவது அது ஒன்றுதான். இலவசம். உங்கள் கம்யூனிட்டி காலேஜ், போக வேண்டிய வளாகம், வருடம், மேஜர் எல்லாம் தேர்ந்தெடுத்தால் ஒரு பட்டியல் வரும். இடது பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலது பக்கம் உங்கள் கல்லூரியின் பாடம், நடுவில் ஓர் அம்புக்குறி. வலது பக்கம் சில இடங்களில் பாட எண்ணுக்குப் பதில் "இணையான பாடம் இல்லை" என்ற பொருளில் ஒரு வரி நிற்கும். அந்த வரியைப் பார்த்தால் அன்றைக்கே உட்கார்ந்து யோசிக்க வேண்டும்: பக்கத்துக் கல்லூரியில் அந்தப் பாடம் உண்டா, அங்கே சேர்ந்து எடுக்க முடியுமா, கோடைப் பருவத்தில் நடத்துகிறார்களா? இரண்டு பாடம் சேர்ந்து ஒன்றுக்குச் சமம் என்று "மற்றும்" போட்டு இணைத்திருப்பார்கள். அந்த இரண்டில் பாதியை இங்கே, மீதியை வேறு கல்லூரியில் என்று எடுத்தால் பல நேரம் சமன்பாடே உடைந்துவிடும். என் தொழிலில் ஒப்பந்தப் பத்திரம் படிக்கிற மாதிரி வரி வரியாகப் படிக்க வேண்டிய பக்கம் அது. தளம் முக்கியமாகக் காட்டுவது யூசி, கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) என்ற அரசுப் பல்கலைக்கழகங்களைத்தான். யூஎஸ்சி போன்ற தனியார் இடம் வேண்டுமானால் அவர்கள் தனியாக வெளியிடும் பட்டியலைத் தேடிப் போக வேண்டும்.

கவுன்சிலர் சேவைக்கு வருகிறேன். பெண் படித்த கல்லூரியில் டிரான்ஸ்ஃபர் சென்டர் என்று ஓர் அறை, அதில் சில கவுன்சிலர்கள். நேரம் வாங்கினால் அரை மணி நேரம் கிடைக்கும். செப்டம்பர், நவம்பர் மாதங்களில் அந்த அரை மணிக்கு ரயில்வே ஆர்.ஏ.சி. டிக்கெட் கதிதான்: உட்கார இடம் உண்டு, உறுதி கிடையாது. மே, ஜூனில் போனால் அறையே காலியாக இருக்கும், தேநீர் கொடுக்காத குறையாகப் பேசுவார்கள். அங்கிருந்த மூத்த கவுன்சிலர் ஒரு அம்மாள் மிகவும் கெட்டிக்காரர். எந்த வளாகம் எந்தப் பாடத்தை முந்தைய பருவத்திலேயே முடிக்கச் சொல்லும் என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். ஆனால் அவர் விடுப்பில் இருந்த சமயத்தில் தற்காலிகமாக வந்த ஒருவர் பெண்ணை ஃபைனைட் மேத்தமேடிக்ஸ் எடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்று இரவு அவள் அசிஸ்ட் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்கே டிகிரி வாங்க இந்தப் பாடம் போதும். நான் போகப்போகிற இடத்துக்கு இது செல்லாது. அங்கே கால்குலஸ் கேட்கிறார்கள்."

"அவர் கவுன்சிலர் ஆயிற்றே, தெரியாமலா சொல்வார்?"

"அவர் பார்த்தது இந்தக் காலேஜ் பட்டியல், அப்பா. அவருக்கு அதுதான் வேலை."

பாடம் மாற்றும் கெடு முடிவதற்குள் மாற்றிவிட்டாள். கால்குலஸ் வகுப்பில் இடம் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு முதல் நாளே போய் வகுப்பில் உட்கார்ந்தாள். பேராசிரியர் வருகைப் பதிவு எடுத்து, வராதவர்களை நீக்கி, இவளைச் சேர்த்துக்கொண்டார். அது கிடைக்காமல் போயிருந்தால் ஒரு பருவம் தள்ளியிருக்கும். யூசி பெரும்பாலும் இலையுதிர் பருவத்தில்தான் டிரான்ஸ்ஃபர் எடுக்கிறது என்பதால், ஒரு பருவம் தள்ளினால் ஒரு வருடமே போச்சு. இந்தச் சேவைக்கு நான் கொடுப்பது ஐந்துக்கு மூன்று. அந்த மூத்த அம்மாளுக்குத் தனியாக ஐந்து.

கட்டணம் வாங்கும் ஆலோசகர்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். நண்பர் ஒருவரின் சிபாரிசில் ஒருவரிடம் போனோம். கம்யூனிட்டி காலேஜின் 60 யூனிட்டுக்கும் சேர்த்து நான் கட்டுவதைவிட அதிகமாகக் கேட்டார். முதல் சந்திப்பு இலவசம் என்பதால் உட்கார்ந்து கேட்டோம். அழகான நீல நிற அட்டவணை ஒன்றைத் திரையில் போட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது அசிஸ்ட் பட்டியலேதான், அம்புக்குறியை எடுத்துவிட்டு வண்ணம் பூசியிருந்தார். கட்டுரைகளைத் திருத்தித் தருவேன் என்றார். அதற்குக் கல்லூரியின் எழுத்து உதவி மையத்தில் காசில்லாமல் ஆள் இருக்கிறார்கள். நட்சத்திரம் ஒன்று, அதுவும் காபிக்காக.

பொதுக் கல்விப் பாடங்களுக்கென்று ஒரு தொகுப்பு உண்டு. முன்பு ஐகெட்சி, 2025 இலையுதிர் பருவம் முதல் சேர்கிறவர்களுக்குக் கால்-கெட்சி. யூசி, கால் ஸ்டேட் இரண்டுக்கும் பொதுவான 34 யூனிட். நல்ல ஏற்பாடு. ஆனால் பிள்ளைகள் சுலபமான பொதுப் பாடங்களை முதலில் எடுத்து, கால்குலஸையும் அக்கவுண்டிங்கையும் கடைசிப் பருவத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். விண்ணப்பம் போகும்போது பிசினஸ் பள்ளி பார்க்க வேண்டிய மதிப்பெண்களே காகிதத்தில் இருக்காது. தலைகீழாகச் செய்யுங்கள். கடினமானதை முதல் வருடத்திலேயே முடித்துவிட்டால், இந்த மேஜர் பிள்ளைக்கு ஒத்துவருமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

எழுபது யூனிட் உச்சவரம்பும் உண்டு. கம்யூனிட்டி காலேஜிலிருந்து எவ்வளவு கொண்டு போனாலும் யூசி கணக்கில் ஏற்றுவது 70 செமஸ்டர் யூனிட், அதாவது காலாண்டு முறையில் நடக்கும் வளாகங்களின் கணக்கில் 105 யூனிட். அதற்குமேல் படித்த பாடம் முன்தேவையை நிறைவு செய்யும், யூனிட்டாக ஏறாது. பட்டத்துக்கு 180 காலாண்டு யூனிட். நீங்கள் கொண்டு போகும் 60 செமஸ்டர் யூனிட் 90 ஆக மாறும், சரியாகப் பாதி. பேரேடு இவ்வளவு அழகாகச் சரிக்கட்டுவதைப் பார்க்க எனக்கு ஒரு சந்தோஷம். இன்னொரு பக்கம், கம்யூனிட்டி காலேஜில் வாங்கிய 3.9 யூசி ஜி.பி.ஏ.வில் சேராது. அங்கே பூஜ்யத்திலிருந்து புதுக் கணக்கு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு ஒரே ஒரு பருவத்தின் மதிப்பெண்தான் கையில் இருக்கும்.

விண்ணப்பக் காலம். செப்டம்பர் 1 முதல் 30 வரை டாக் என்று ஓர் உத்தரவாதத் திட்டம்: சொன்ன நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி. டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் மட்டும். அதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ இதில் இல்லை. இருக்கும் ஆறிலும் சில மேஜர்களுக்கு உத்தரவாதம் கிடையாது, சிலவற்றுக்கு ஜி.பி.ஏ. வரம்பு அதிகம். அந்த வருடத்து அட்டவணையில் உங்கள் மேஜர் இருக்கிறதா என்று பார்க்காமல் "டாக் போட்டாச்சு, கவலை இல்லை" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சான்டா பார்பராவில் பிசினஸ் பள்ளியே கிடையாது, எகனாமிக்ஸ் அண்ட் அக்கவுண்டிங் என்ற மேஜர்தான். ஆடிட்டர் ஆக நினைக்கும் பிள்ளைக்கு அதுவே தாராளம் என்பது என் கருத்து.

பெரிய விண்ணப்பத்தை அக்டோபர் 1 முதல் நவம்பர் கடைசி வரை அனுப்பலாம். ஒவ்வொரு வளாகத்துக்கும் 80 டாலர். நான்கு கேள்விகளுக்கு, ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள், பதில் எழுத வேண்டும். டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு அதில் ஒன்று கட்டாயம்: இந்த மேஜருக்கு உன்னை எப்படித் தயார்படுத்திக்கொண்டாய்? "சின்ன வயதிலிருந்தே வியாபாரத்தில் ஆர்வம்" என்று எழுதும் பிள்ளைகள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். என் பெண் முதல் வருட வசந்தப் பருவத்தில் வீட்டா என்ற இலவச வரி உதவித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தாள். மத்திய வரித் துறையான ஐஆர்எஸ் வைக்கும் தேர்வில் தேறினால்தான் மேசையில் உட்கார விடுவார்கள். குறைந்த வருமானக்காரர்கள் பழுப்பு உறையில் டபிள்யூ-2 என்ற வருடச் சம்பளப் படிவங்களைத் திணித்துக்கொண்டு வருவார்களாம். இரண்டு வேலை பார்க்கும் ஒரு சமையல்காரர், இரண்டாவது வேலையின் படிவம் வரவில்லை என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றதையும், அவரை உட்கார வைத்துக் கடைசிச் சம்பளச் சீட்டைக் கொண்டு வரச் சொன்னதையும் எழுதியிருந்தாள். படித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. வீட்டிலேயே ஓர் ஆடிட்டர் உட்கார்ந்திருக்க, வரி பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

அனுப்பிவிட்டால் முடிந்தது என்று பலர் ஜனவரியைக் கோட்டை விடுகிறார்கள். இலையுதிர் பருவ மதிப்பெண்களையும் வசந்தப் பருவப் பாடத் திட்டத்தையும் ஜனவரி 31-க்குள் தளத்தில் புதுப்பிக்க வேண்டும். வாங்கும் அனுமதியும் தற்காலிகம்தான். சொன்ன பாடத்தைச் சொல்லாமல் விட்டாலோ, மதிப்பெண் சரிந்தாலோ பல்கலைக்கழகம் அதைத் திரும்பப் பெற்றுவிடலாம். முடிவு ஏப்ரல் இறுதிக்குள் வரும், ஒப்புதல் ஜூன் 1-க்குள், அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல் ஜூலை 1-க்குள்.

அப்புறம் சேர்ந்த பிறகு நடப்பது. இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, என் குறைகளில் பெரியது இதுதான்.

பெர்க்லி, மெர்சட் தவிர மற்ற யூசி வளாகங்களில் இளங்கலை எல்லாம் காலாண்டு முறை. பத்து வாரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். செமஸ்டருக்குப் பழகிய பிள்ளை புத்தகத்தைப் பிரித்து மூச்சு விடுவதற்குள் நான்காம் வாரம் மிட்டெர்ம் வந்து நிற்கும். இதற்கு டிரான்ஸ்ஃபர் ஷாக் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். என் பெண்ணுக்கு முதல் காலாண்டில் ஒரு பி மைனஸ் வந்தது. வாழ்க்கையில் முதல் பி மைனஸ். அவள் தாங்கிக்கொண்டாள், அவள் அம்மாவுக்குத்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அதைவிட மோசம் கிளப்புகள். வளாகத்தின் நடைபாதையில் முதல் வாரமே வரிசையாக மேசை போட்டுவிடுவார்கள்: கன்சல்டிங் கிளப், ஃபைனான்ஸ் கிளப், அக்கவுண்டிங் கிளப். சேருவதற்கு விண்ணப்பம், "காஃபி சாட்", பிறகு கோட்டுப் போட்டுக்கொண்டு நேர்காணல். நேர்காணல் எடுப்பவர்கள் இவளைவிட ஒரு வயது சின்னவர்கள். "இந்த வளாகத்தில் இதுவரை என்னென்ன செய்தாய்?" என்று கேட்டிருக்கிறான் ஒரு பையன். வந்து ஆறு நாள்தான் ஆகிறது என்று சொல்லியிருக்கிறாள். எடுக்கவில்லை. அக்கவுண்டிங் கிளப் மட்டும் எல்லோரையும் சேர்த்துக்கொண்டது. என் தொழில்காரர்கள் எப்போதும் நல்லவர்கள்.

கோடைகால இன்டர்ன்ஷிப் விஷயமும் இதே கதை. முதலீட்டு வங்கிகள் மூன்றாம் வருடக் கோடைக்கு ஆள் எடுக்கும் வேலையை மாணவர்கள் இரண்டாம் வருடத்தில் இருக்கும்போதே தொடங்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் உங்கள் பிள்ளை கம்யூனிட்டி காலேஜில் மேக்ரோ எகனாமிக்ஸ் படித்துக்கொண்டிருக்கும். அக்கவுண்டிங் நிறுவனங்கள் பரவாயில்லை, பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வளாகத்துக்கு வருகின்றன. ஆனால் "இலையுதிர் காலம்" என்றால் சேர்ந்த சில வாரங்களுக்குள். ரெஸ்யூமே ஆகஸ்டிலேயே தயாராக இருக்க வேண்டும். அறிமுக நாளில் எங்களுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டினார்கள், டி-ஷர்ட் கொடுத்தார்கள், வாகன நிறுத்த அனுமதி எப்படி வாங்குவது என்று அரை மணி நேரம் விளக்கினார்கள். வேலைவாய்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பதைப் பெண் தானாகக் கண்டுபிடித்தாள். சேர்ந்த பிறகான இந்தச் சேவைக்கு இரண்டரை.

பாடங்கள் மட்டும் சொன்ன விலைக்கு வந்த சரக்கு. கார்ப்பரேட் ஃபைனான்ஸ் எடுத்த பேராசிரியரைப் பற்றி வீட்டுக்கு வரும்போதெல்லாம் பேசுவாள். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்து, அடிக்குறிப்புகளில் மட்டும் கேள்வி கேட்பாராம். அடிக்குறிப்பைப் படிக்கும் ஒரு தலைமுறை வருகிறது என்று கேட்கவே இனிப்பாக இருந்தது.

ஒரு குறுக்குவழியைப் பற்றிப் பல பேர் கேட்கிறார்கள்: எகனாமிக்ஸிலோ வேறு எதிலோ சேர்ந்துகொண்டு, உள்ளே போய் பிசினஸுக்கு மாறிவிடலாமா? டிரான்ஸ்ஃபராகப் போகிறவர்களுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். மிஞ்சி இருப்பது இரண்டே வருடம், அதற்குள் மேஜரை மாற்றி முடிக்க நேரமும் இருக்காது. எந்த மேஜருக்கு அனுமதி வந்ததோ அதையே படிக்கத் தயாராக இருந்தால் மட்டும் சேருங்கள்.

கால் ஸ்டேட் பற்றி நம்மவர்கள் பேசவே மாட்டார்கள், சொல்லிக்கொள்ளக் கூச்சம். 2010-இல் வந்த சட்டத்தின்படி, டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம் (கம்யூனிட்டி காலேஜின் இரண்டு வருடப் பட்டம்) முடித்தால் கால் ஸ்டேட் அமைப்பில் எங்காவது ஓரிடம் உறுதி. கேட்ட வளாகம், கேட்ட மேஜர் என்று உறுதி கிடையாது. சான் ஹோசே, ஃபுல்லர்டன் போன்ற வளாகங்களின் பிசினஸ் கல்லூரிகளுக்கு ஏஏசிஎஸ்பி என்ற பிசினஸ் பள்ளித் தர அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறது. பெரிய பெயருள்ள பள்ளிகளும் வாங்கிவைத்திருப்பது அதே அங்கீகாரம்தான். எங்கள் அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களில் கால் ஸ்டேட் பிள்ளைகள் நிறைய. பேரேட்டைத் திறந்து வைத்தால் யார் எங்கே படித்தார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை. கட்டணமும் யூசியைவிடக் குறைவு. அக்கவுண்டிங்தான் இலக்கு என்றால் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

நியூயார்க் முதலீட்டு வங்கிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கும் பிள்ளைக்கு இந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முடியாது என்று இல்லை, ஆனால் காலண்டரே எதிராக ஓடுகிறது. கணக்கியல், மார்க்கெட்டிங், சப்ளை செயின் என்று போகிற பிள்ளைக்கு, தானாக ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற குணம் இருந்தால், தாராளமாக அனுப்பலாம். தினமும் காலையில் எழுப்பிவிட வேண்டிய பிள்ளை என்றால் யோசியுங்கள், கம்யூனிட்டி காலேஜில் வகுப்புக்கு வராவிட்டால் யாரும் வீட்டுக்கு ஃபோன் செய்வதில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு. சின்னவன் இப்போது பதினோராம் வகுப்பு. அவன் பள்ளியில் இருக்கும்போதே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் மைக்ரோ எகனாமிக்ஸ் எடுக்கிறான், டூயல் என்ரோல்மென்ட் திட்டத்தில் யூனிட் கட்டணம்கூட இல்லை. அக்கா அவனுக்கு அசிஸ்ட் தளத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறாள். அவன் பாதி கேட்கிறான், பாதி ஃபோனைப் பார்க்கிறான். யாராவது கேள்வி கேட்க வேண்டும் என்றால் கேளுங்கள், வரி சீசன் முடிந்ததும் பதில் போடுகிறேன்.